பதினாலாம் எண் சீட்டு

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கருவிகளைக் கழுவி, தட்டில் அடுக்கி, நீலத்துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளும் அறை அது. நாற்பத்தேழு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘புதுசு’. எட்டு மாதமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

இருபது வருஷம் வீட்டில் தையல் மிஷின் மிதித்தவள். அவள் துணி மடித்தால் நான்கு மூலையும் நறுக்கென்று நிற்கும். உள்ளே வைக்கிற சாமான்தான் அவளுக்குத் தண்ணி காட்டியது. எது நேர் இடுக்கி, எது நுனி வளைந்த இடுக்கி, எந்தத் தட்டுக்கு எத்தனை? பட்டியலைப் பார்த்தாலே கண்ணைக் கட்டியது. பக்கத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் சேர்ந்த இரண்டாம் வாரமே, வீட்டில் கணவனிடமும் அறையில் எல்லாரிடமும், “எனக்கு எல்லாம் அத்துப்படி” என்று அளந்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு கேட்பது? தூக்கம் போயிற்று. ராஜினாமா கடிதம்கூட எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

பக்கத்து மேசை, எல்லாரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் உயரமான பெண்ணுடையது. பதினோரு வருஷம் அதே மேசை, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். தட்டைக் கடைசியாக மூடுகிறவர் மேலே தன் எண் சீட்டை ஒட்ட வேண்டும் என்பது அந்த அறையின் விதி. நெட்டைக்கு ஆறு, புதுசுக்குப் பதினாலு.

ஒருநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பிய புதுசு தன் கண்ணாலேயே பார்த்தாள். அவள் கட்டி வைத்த தட்டை நெட்டை பிரித்து, திரும்பச் சுற்றி, பதினாலைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆறை ஒட்டினாள்.

புதுசுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், நான் கட்டுற தட்டுல இவங்க நம்பரை ஒட்டிக்கிறாங்க. உழைக்கிறது நான், பேரு இவங்களுக்கா?”

“என்னம்மா இது?” என்றார் சிஸ்டர்.

“ஒட்டினேன் சிஸ்டர். தப்புதான்” என்றாள் நெட்டை. அவ்வளவுதான்.

புதுசு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஜெயித்துவிட்டாளாம். சிஸ்டர் லேசில் விடுகிற ஆளில்லை. பதினாலு ஒட்டியிருந்த இன்னொரு தட்டைப் பிரித்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். வளைந்த இடுக்கி ஆறு இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது. மற்ற இரண்டும் நேர் இடுக்கி.

“ஆறாம் நம்பர் தட்டுல சாமான் மாறியிருக்குன்னு தியேட்டர்லேர்ந்து மூணு புகார்” என்றார் சிஸ்டர், நெட்டையிடம். “மூணு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தேனே. அப்பகூட வாயைத் திறக்கலியே நீ?”

“சாப்பாட்டு நேரத்துல அவங்க தட்டைப் பிரிச்சு அவசரமா சரிபண்றதுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போச்சு சிஸ்டர். அவங்க பேர்ல ஒரு புகார் வந்தாலே வேலை போயிடும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?” என்று புதுசு கேட்டாள்.

“ரெண்டு தடவை சொல்ல வந்தேன்க்கா. எனக்குத் தெரியும்னுட்டீங்க.”

புதுசுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மதியங்களில் நெட்டை எப்போது சாப்பிட்டாள் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாளா? கைப்பையிலிருந்த கடிதம் ஞாபகம் வந்தது. அதை நீட்டிவிட்டு ஓடிவிடலாம். ஓடினால் மூன்று எச்சரிக்கைக் கடிதமும் நெட்டையின் ஃபைலிலேயே கிடக்கும்.

“அந்த மூணையும் என் ஃபைலுக்கு மாத்துங்க சிஸ்டர்.”

“மாத்தினா உன் வேலை தங்காதும்மா.”

“தெரியும் சிஸ்டர்.”

சிஸ்டர் அவளையே பார்த்தார். “மாத்துறேன். மேலிடத்துக்கு அனுப்ப ஒரு மாசம் எடுத்துக்குறேன். அதுக்குள்ள கத்துக்க.”

அவர் போனதும் புதுசு இரண்டு இடுக்கிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

“இதுல எது வளைஞ்சதுன்னு எனக்குத் தெரியாதும்மா. எட்டு மாசமாவே தெரியாது.”

நெட்டை தன் ஸ்டூலை நகர்த்தி இடம் கொடுத்தாள். “கண்ணால பாக்காதீங்கக்கா. தைச்ச கைதானே, நுனியைத் தடவிப் பாருங்க.”

புதுசு தடவினாள். ஒன்றில் விரல் நேராகப் போனது. இன்னொன்றில் சட்டென்று வளைந்தது. இவ்வளவுதான் விஷயம். அவளுக்கு அழுகை முட்டியது.

“முதல்ல நீ போய்ச் சாப்பிட்டு வா” என்றாள் நெட்டையிடம்.