சரிந்து கிடந்த கல்

தலைவி என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது, பாறை ஆராய்ச்சிக் குழுவில் சமவாய்ப்புக் கமிட்டி போட்ட அன்றைக்கு. அதற்கு முன்னால் "இதைக் கொஞ்சம் அறுத்துக் குடும்மா" என்பதுதான் அவள் பெயர். சின்ன வயசில் பஸ் ஏறி நசுங்கிய இடது கால், ஊன்றுகோலோடுதான் நடப்பாள். மற்றவர்கள் மலையிலிருந்து கொண்டுவந்து கொட்டும் கல்லை அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தருவாள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள் செய்கிற வேலையா இது? இதைக் கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம். மலைமேல் பாறை அடுக்கடுக்காகத் தெரியும் இடத்தில் போய் நிற்பார்கள். யார் எந்த அடுக்கில் முதலில் கை வைக்கிறார்களோ, அது அவருடையது. ஆராய்ச்சியும் அதில்தான், பட்டமும் அதில்தான். குழுவை நடத்தும் பேராசிரியருக்கு இதில் அப்படியொரு பெருமை. "மலை யாரையும் பேதம் பாக்காது" என்பார். மலை பார்க்காது, ஐயா, அதன் ஏற்றம் பார்க்கும்; ஊன்றுகோலோடு அங்கே ஏற முடியுமா? அவளுடைய பதிவுக்காலம் இந்த வருஷத்தோடு முடிகிறது. ஒரு அடுக்கு கிடைக்காவிட்டால் பட்டமும் இல்லை. இது அவருக்கும் தெரியும்.

ஆராய்ச்சிக்கு நிதி தருகிறவர்கள், "எல்லாரையும் சேர்த்துக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அப்படி ஒருத்தி இருப்பதே அவருக்கு நினைவு வந்தது. கமிட்டிக்குத் தலைவி ஆக்கினார். கையில் சுத்தியலைக் கொடுத்து, வாசலில் அழகுக்குப் போட்டிருந்த பாறையில் சாய்த்துச் சுவரொட்டிக்குப் படமும் எடுத்தாயிற்று.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "தலைவியாக்கிட்டாங்களா? அப்ப இந்த வருஷமும் உனக்கு ஒண்ணும் கிடையாது, எழுதி வச்சுக்கோ."

"நீ வேற, அக்கா. இந்தத் தடவை கேட்டுடப் போறேன்."

கேட்டாள். ஒன்றே ஒன்று: அடுக்குப் பிரிப்பதை மலைமேல் வேண்டாம், ரோடு போடுவதற்காக மலையை வெட்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் அதே அடுக்குகள்தான், வேன் பக்கத்திலேயே நிற்கும். கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. பேராசிரியருக்குக் கண்கூடக் கலங்கியது. கண்ணீருக்கென்ன, அது தாராளமாக வரும்.

போன அன்றைக்கு வேன் ரோட்டோரம் நின்றது. "சும்மா மேல ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறோம், நீ நிழல்ல இரும்மா" என்று எல்லாரும் ஏறிப் போனார்கள். இறங்கி வரும்போதே ஒவ்வொருத்தன் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. பழக்கதோஷமாம், மேலேயே கை வைத்துவிட்டார்களாம், ஒரு அடுக்குகூட மிச்சமில்லையாம். கெட்டிக்காரன் என்று பேரெடுத்த மூத்த மாணவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

"உன்னை விட்டுடுவோமா?" என்றார் பேராசிரியர். வெட்டுக்கு அடியில் சரிந்து கிடந்த கற்குவியலைக் காட்டினார். "இது முழுக்க உனக்குத்தான்."

எங்கெங்கிருந்தோ உருண்டு விழுந்து ஒன்றோடொன்று கலந்த கல். எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பெற்ற மலைக்கே தெரியாது. அதில் என்ன ஆராய்ச்சி செய்து என்ன பட்டம் வாங்க? ஆனாலும் அவள் குனிந்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டாள்.

நிதி தருகிறவர்கள் பார்வையிட வந்த அன்றைக்குத் தலைவி பேச வேண்டும் என்றார்கள். அவள் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். மணல் பேராசிரியரின் கோட்டுவரை சிதறியது.

"இதுதான் எனக்குக் குடுத்த அடுக்கு. இது எந்த அடுக்குன்னு சார் சொல்லட்டும்."

பேராசிரியர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். வந்தவர்களில் பெரியவர் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருத்தருக்காவது புரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

"எல்லா அடுக்கும் ஒண்ணா கலந்து இருக்கு. பன்மைத்துவத்தை இதைவிட அழகா யாரால காட்ட முடியும்?" என்றார் அவர். மண்டபமே கைதட்டியது. மூத்த மாணவன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "படத்துக்கு நில்லும்மா, நடுவுல நில்லு" என்றார்.

அவள் கற்களை அப்படியே விட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்தாள்.

"நீங்க எல்லாரும் மேல போய் எடுத்துக்குங்க, சார். நான் வழக்கம்போல கீழ இருக்கேன்."

அன்றைக்கே பதிவை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள். குழுவுக்கு நிதி கிடைத்தது. சுவரொட்டியில் இன்னமும் அவள்தான் சுத்தியலோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.