துணிப்பையில் தங்கிய மாவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒளித்துத் தின்னவில்லை.

டாக்டர் அப்படித்தான் கேட்டார். ஓசூரில், ஏசி அறையில், என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“வெளிப்படையா சொல்லுங்கம்மா. நடுவுல பிஸ்கட்டு, பரோட்டா ஏதாவது சாப்பிடறீங்களா?”

எனக்கு நாற்பத்தொரு வயது. மாவு மில் நடத்துகிறவள். மிட்டாய் திருடிய பிள்ளையைக் கேட்பதுபோல் என்னைக் கேட்டார்.

“இல்ல சார். சந்தேகமா இருந்தா வந்து எங்க அடுப்புகிட்ட ஒரு வாரம் உக்காந்து பாருங்க” என்றேன். கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் உதறிவிட்டேன்.

நோயைக் கண்டுபிடித்தவரும் அதே டாக்டர்தான், அதை மறுக்கவில்லை. இரண்டு வருடமாக வயிறு போய்க்கொண்டே இருந்தது. வாயெல்லாம் புண். ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தும் தொளதொளவென்று தொங்கின. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சூடு என்றார்கள், வெந்தயம் விழுங்கினேன். பூச்சி என்றார்கள், மாத்திரை போட்டேன். கண்பட்டிருக்கிறது என்றாள் ஒருத்தி. எலும்பும் தோலுமாக இருக்கிறவள்மேல் எவள் கண் வைப்பாள்? கடைசியில் இந்த டாக்டர் ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமை ஆகாது என்றார். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அதற்குக் காரணமான பசைக்குக் குளூட்டன் என்று பெயராம். அதுதான் என் குடலை உள்ளே கெடுத்துக்கொண்டிருந்தது.

கோதுமை அரைத்துப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு நோய். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அன்றிலிருந்து சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஐந்து மாதம் ஆகியும் எடை ஏறவில்லை. அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கத்தியதும் கொஞ்சம் இறங்கிவந்தார். “அப்ப மில்லுல பறக்கற தூசியா இருக்கலாம். மில்லை விட்டுடறது நல்லது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம்” என்றார்.

மத்திகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏம்மே, மில்லை மூடிட்டு அந்த எடத்துல ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு உட்டுடலாமா? கம்பெனி பசங்க கியூவுல நிக்கறாங்க.”

“ரூமைக் கட்டிட்டு நான் இன்னா பண்றது? உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுனு உக்காந்திருக்கறதா?”

அவர் ஒரு கம்பெனியில் பராமரிப்பு ஃபிட்டர். காலையில் போனால் அவருக்கு அங்கே ஒரு உலகம் இருக்கிறது. என் உலகம் அந்த மில். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் வேண்டாம் என்றபோதே நான் பிடிவாதமாக ஆரம்பித்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று எந்தப் பாஷையில் திட்டினாலும் அதே பாஷையில் திருப்பித் திட்டக் கற்றுக்கொண்ட இடம். அதை விட முடியாது. ஆனால் சாகவும் முடியாது. “அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் உடுங்க. அதுல சரியா வரலைன்னா சாவியை நானே குடுத்துடறன்” என்றேன்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். வாயில் போட்டதை எல்லாம் எழுதினேன், பக்கத்தில் வயிறு செய்ததையும் எழுதினேன். அழகான எழுத்து இல்லை, உண்மை இருந்தது. பால் ஊற்றிய டீ குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு பானையாக உப்பியது. மோர் ஒன்றும் செய்யவில்லை. கொள்ளு ரசம் குடித்த அன்று தூக்கம் போனது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் அதிலும் கோதுமை மாவு! இத்தனை நாள் சாம்பாரில் அதைத் தூவிக்கொண்டே பத்தியம் இருந்திருக்கிறேன். தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அடுத்து வந்தது. ராகிக் களி தின்ற நாளெல்லாம் வயிறு கெட்டது. நான் அநேகமாகத் தினமும் களி தின்கிறவள். பத்து நாள் ராகியை நிறுத்திச் சோறு மட்டும் சாப்பிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாக வயிறு அமைதியாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் அழுதேன். கிருஷ்ணகிரி ஜில்லாவில் பிறந்தவளுக்கு ராகியும் ஆகாது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? ராகியில் அந்தப் பசையே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் பின்தெரு லைன் வீட்டிலிருந்து பீகார்க்காரப் பெண் சண்டைக்கு வந்தாள். வாரா வாரம் என்னிடம் கோதுமை அரைக்கிறவள். மாவுத் தூக்குவாளியைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“அக்கா, இது என்ன ஆட்டா? கறுப்பு கறுப்பு. பசங்க ரொட்டி சாப்பிடாது.”

“உனக்கு முன்னாடி ராகி அரைச்சேன். துளி ஒட்டிருக்கும். ராகி ஒடம்புக்கு நல்லதுதான், தின்னச் சொல்லு.”

“உடம்புக்கு நல்லது, நீ சாப்பிடு. என் ஆட்டா எனக்கு வெள்ளையா வேணும்.”

போடி என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் வெள்ளை மாவில் என் ராகி தெரிகிறது. என் கறுப்பு மாவில் அவள் கோதுமை எப்படித் தெரியும்?

மில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். அரைத்து முடித்தாலும் ஒருவருடைய மாவு முழுதும் வெளியே வராது. கல்லிடுக்கில் கொஞ்சம் நிற்கும், மாவு விழும் வாயில் கட்டிய துணிப்பையில் கொஞ்சம் தங்கும். சாயங்காலம் அந்தப் பையைத் தட்டினால் ஒரு படி தேறும். அது மில்காரர் வீட்டுக்கு. வழக்கம்தான், யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. வெள்ளையாக இருந்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுப்பேன். கறுப்பாக இருந்தால் ராகி என்று வீட்டுக்கு எடுத்துவருவேன். ஒன்பது வருடமாக என் வீட்டுக் களி அந்த மாவில்தான் வெந்தது.

உடனே பக்கத்திலிருந்த வீட்டுக்கு ஓடி, டப்பாவிலிருந்து ஒரு கை மாவு கொண்டுவந்து தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். ராகி மாவு பிட்டால் உதிர வேண்டும். இது ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. என் களி விரிசல் விடாமல் பந்துபோல் வருவதைச் சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சுவார்கள். உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்பார்கள். என் கையுமில்லை, பக்குவமுமில்லை. ஊர்க் கோதுமை.

பீகார்க்காரப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “அக்கா, பைத்தியமா?” என்றாள். நான் மாவுக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

கெலமங்கலம் சந்தையில் ராகி வாங்கிவந்து கழுவிக் காயவைத்து, மில் பக்கமே கொண்டுபோகாமல் வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்தேன். களி கிண்டினேன். உதிரி உதிரியாக வந்தது. மூன்று நாள் தின்றேன். நோட்டில் வயிற்றுக்கு நேரே எழுத ஒன்றுமில்லை.

கணவரிடம் சொன்னேன். ரூம் கட்டும் கணக்கைத் தொடர்வார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். “பின்னாடி கொட்டாயில உன் பழைய மெஷின் கெடக்குதே, அதுல எதை அரைச்ச?” என்றார். மில் ஆரம்பித்த புதிதில் ஓடியது அது. அப்போதும் கோதுமை கொஞ்சம் அரைத்திருந்தேன். “அப்ப கல்லை மாத்திடலாம்” என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, தன் லீவு நாளில், அவரே கழற்றினார். மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்தார், புதுக் கல் போட்டார், துணிப்பையைக்கூட என்னைத் தைக்கவிடாமல் புதுசாக வாங்கிவந்தார். அந்தப் பழைய மெஷின் முன்னால் வந்தது, ராகிக்கும் அரிசிக்கும். கோதுமை மெஷின் பின்கொட்டகைக்குப் போனது, கதவு வைத்து.

அந்தக் கதவுக்குள் நான் போகக் கூடாது. யார் போவது? சண்டைக்கு வந்தவளையே கேட்டேன். “நான் உன் மில்லுல வேலை செஞ்சா ஆட்டா வெள்ளையா வரும்” என்றாள். வாய் அதிகம். வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். இப்போது எங்கள் மில் மாவு வெள்ளை என்று வடக்கத்தி ஆட்கள் பாகலூரிலிருந்துகூட வருகிறார்கள். நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்கிறேன். ராகி மெஷினில் ஒரு பிடி கோதுமையையும் விடுவதில்லை. “ஒரு படிதானம்மா, போட்டுக் குடேன்” என்று கெஞ்சுகிறவர்களைத் துரத்துகிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் சிலர். போகட்டும்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கோதுமை ஒத்துக்காததைக் காட்டற அளவு நல்லா இறங்கியிருக்கு என்றார். எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. துணிப்பைக் கதையைச் சொன்னேன். “இதை நான் கேட்டிருக்கணும்” என்றார். ஆமாம், கேட்டிருக்க வேண்டும். ஆனால் தப்பைத் தானே ஒத்துக்கொண்டாரே, அதனால் விட்டேன். தூசி விஷயத்தில் அவருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றிருக்கிறார். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொன்னார். குடல் ஆறினால் பால் திரும்பிவரும் என்றார், வந்தது. போன வாரம் முழு டம்ளர் டீ குடித்தேன். கொள்ளு மட்டும் வரவில்லை. அது இல்லாமல் இருந்துகொள்வேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மதியம் களி கிண்டினேன். கணவர் ஒரு கவளம் பிய்த்தார், தட்டிலேயே உதிர்ந்தது.

“முன்னெல்லாம் பந்து மாதிரி வருமே” என்றார்.

“துன்னுங்க. இதுதான் களி.”

தின்றார். மில் சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தட்டில் உதிர்ந்ததை விரலால் கூட்டி அள்ளி, இன்னொரு உருண்டை கேட்டார்.