தெளிந்த தண்ணீர்

யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான சரவணையில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் உவர். குடிப்பதற்குப் புகையிலைத் தோட்டத்து நடுவே இருந்த துரவு என்னும் அகன்ற திறந்த கிணறு ஒன்றுதான். எண்பதுகளின் கடைசியில் ஒரு மாரிமழை, தோட்டத்துக்குப் போட்ட யூரியாவையெல்லாம் அதற்குள் கழுவிக் கொண்டுபோனது. வெயில் எறித்ததும் பாசி பெருகி, தண்ணீர் பச்சை வர்ணம் கரைத்ததுபோல ஆயிற்று. ஒருவரும் தொடவில்லை, பிடித்து வைத்த மழைநீரைக் குடித்தோம்.

அந்த மழைநீர் முடிந்தபோது, தோட்டக்கார அண்ணை பயிருக்கு அடிக்கும் மயில்துத்தத்தைத் துரவில் கரைத்தார்.

“பிள்ளையள் குடிக்கிற தண்ணி, அண்ணை” என்றேன்.

“படிச்ச ஆக்களுக்கு எல்லாத்துக்கும் பயம்! பாசி செத்தால் சரிதானே, தங்கச்சி?”

சில நாள்களில் அடி தெரியும்படி நீர் தெளிந்தது. அவரே முதலில் அள்ளிக் குடித்தார். நான் காய்ச்சி என் மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு வாந்தி நிற்கவில்லை, ஈரல் வீங்கியது. அண்ணையும் படுத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: “பச்சையாய் இருக்கேக்கை குடிச்சனீங்களோ?”

“இல்லை டொக்டர். மயில்துத்தம் போட்டுத் தெளிஞ்சாப்பிறகுதான். காய்ச்சித்தான் குடுத்தனான்.”

அவர் சொன்னார்: “நஞ்சு பாசிக்குள்ளை இருந்திருக்கும். பாசி செத்த உடனை அவ்வளவும் தண்ணியிலை இறங்கியிருக்கும். காய்ச்சினாலும் போகாது.”

மகள் பிழைத்து வீடு வந்தாள். அடுத்த போகத்துக்கும் யூரியா போட்டார்கள். புகையிலை இல்லாவிட்டால் இங்கே அடுப்பு எரியாது. அந்தத் துரவை விட்டால் குடிக்க வேறு நீரும் இல்லை.

“அம்மா, தண்ணி” என்று அவள் கேட்கும்போதெல்லாம் கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு கொடுக்கிறேன்.