வெட்டுப்படாத தாள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருக்கிறேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அதற்காக நான் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்லப்போவதில்லை.

எனக்கும் என் அண்ணன் சங்கரனுக்கும் பழைய துப்பறியும் கதைகள் என்றால் பைத்தியம். சேரன்மகாதேவியில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெரு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கதை படிப்போம். கடைசிப் பகுதிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, யார் செய்தது என்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் செல்லாது, தடயம் எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அண்ணன் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் அலை அலையாகக் கோடு இழுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவான். "கதைக்காரன் எல்லாத்தையும் நம்மகிட்டச் சொல்லிருதான். நாமதான் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கோம்" என்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில், காலையில் தன் மனைவியோடு, அதாவது என் மதினியோடு, சண்டை போட்டுவிட்டு வெளியே போனவன், மத்தியானம் ஆற்றில் பிணமாகக் கிடைத்தான். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாள். தவறி விழுந்ததாகத்தான் போலீஸில் எழுதினார்கள். ஆனால் வீட்டில் யாரும் அதை ஏற்கவில்லை. உடம்பில் சட்டை அப்படியே இருந்தது, குளிக்கப் போனவன் இல்லை, நீச்சலும் தெரிந்தவன்.

"அவனாப் போய் விழுந்தான். விழ வச்சது யாரு?" என்று பெரியப்பா கேட்டார். அம்மா மதினியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மதினியை ஆழ்வார்குறிச்சிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவானது. ஒன்பது வயது மகள் மட்டும் இங்கேயே இருக்க வேண்டுமாம். மதினி அழக்கூட இல்லை, பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

பதினாறாம் நாளன்று என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நல்ல வெயில் நேரம், பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்கிறது. நாங்கள் பாதியில் விட்டிருந்த கதைப் புத்தகம் மேஜையில் கிடந்தது. அடுத்த கதையைத் திறந்தால், அதன் கடைசித் தாள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் மேலேயும் பக்கத்திலேயும் மூடி, உறை மாதிரி இருந்தது. கீழ்ப்பக்கம் விரல் நுழையும், பென்சில் பிடித்த கை நுழையாது. நான் நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிளேடு எடுத்து வெட்டிப் பிரித்தேன்.

உள்ளே அண்ணனின் கோடு. அதே அலை, அதே வட்டம். மலையிலிருந்து விழுந்து செத்த ஒரு வியாபாரியைப் பற்றித் துப்பறிகிறவர் சொல்கிற வரி அது: 'சாக வந்தவன், திரும்பி வந்து எடுத்துக்கொள்வதற்காக எதையும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை.'

அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் நாலு அடி தெரியாது. அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை, ஆறு கொண்டுபோயிருக்கும் என்று நாங்களே விட்டுவிட்டோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அதைக் கழற்றிக் கரையில் எங்கேயாவது பத்திரமாக வைத்திருந்தால்? நான் யாரிடமும் சொல்லாமல் ஆற்றுப் படித்துறைக்கு நடந்தேன். மேல்படியில் கல் மண்டபம் ஒன்று உண்டு, அதன் சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழிகள். முதல் இரண்டும் காலி, மூன்றாவதில் கையை விட்டேன். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடி. அதோடு, பிரிக்காத தலைவலி மாத்திரை ஒரு பட்டை. மதினிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அவள் சாப்பிடுகிற மாத்திரையேதான். கீழே இறங்கிப் பார்த்தேன், அடிப்படி முழுக்கப் பாசி. முகம் கழுவ இறங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

நேரே வீட்டுக்கு வந்து, பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த இலைக்கு முன்னால் இரண்டையும் வைத்து, எங்கே இருந்தது என்று சொன்னேன்.

"சாவப் போறவன் கண்ணாடியக் கைக்குட்டையில சுத்தி வைப்பானா பெரியப்பா? சண்டை போட்ட பொஞ்சாதிக்கு மாத்திரை வாங்குவானா? நான் கேக்குதேன், பதில் சொல்லுங்க."

"ஏட்டி, அது அங்கன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கதை படிச்சேன். மதினி எங்கயும் போவமாட்டா. அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

பந்தியிலிருந்து அம்மாதான் எழுந்தாள். மாத்திரையை எடுத்து மதினி கையில் வைத்து, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டாள். பதினாறு நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. மதினி அப்போதுதான் அழுதாள். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் இதை நம்புவதில்லை. "ஒங்க அண்ணன் முந்தியே எப்படியாவது கோடு போட்டிருப்பான்" என்கிறார். போட்டிருக்கட்டும். செத்துப்போவதற்கு முன்னாலேயே அந்த வரிக்கு எதற்காகப் போட்டான் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். எனக்கும் பதில் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, பேயை நான் இன்னமும் நம்பவுமில்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசிக் கதையிலும் அதே மாதிரி வெட்டுப்படாத தாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே ஓரத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. நான் பிரிக்கவில்லை. போன மாதம் மறுபடியும் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வட்டம் இருக்கிறது.