மைனஸ் அண்ணனும் சூடேறிய பெட்டியும்

என் அண்ணன் குளிர் அறை மெக்கானிக். இறைச்சிக் கிடங்கு, ஐஸ்கிரீம் கிடங்கு, மருந்து குடோன் என்று எங்கெல்லாம் ஓர் அறையைக் குளிர வைத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் முப்பத்தோரு வருஷமாகக் கதவைத் திறந்து, மூடி, காது வைத்துக் கேட்டிருக்கிறார். "மைனஸ் பதினெட்டு" என்று அடிக்கொரு தரம் சொல்வதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு மைனஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அவர் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பவள், அவருடைய ஒரே தங்கை. எனவே அவரைக் கிண்டல் செய்யும் முழு உரிமையும் என்னிடம் இருக்கிறது.

பேச்சிலும் அவர் மைனஸ்தான். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு ஃபோனில் பேசியதெல்லாம் மூன்று சொல்: "சாப்டியா? சரி. வை." அவளைக் கடுகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் குறையாதது. பகுதிநேர வேலை பார்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, அவளே பூட்டிய கேம் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. போகும்போது அதை அப்பாவுக்கு விட்டுப் போனாள். ஒரு மீன்பிடி விளையாட்டையும் கற்றுக் கொடுத்தாள். ஒரே படகு, அவர் ஓட்டுவார், அவள் அங்கிருந்து தன் லேப்டாப்பில் வலை வீசுவாள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடலில் சந்திப்பு.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் அண்ணனுக்கு வாய் இருப்பதே தெரியும். ஹெட்போன் போட்டால் காது அடைக்கிறதென்று ஸ்பீக்கரில்தான் பேசுவார். "இடது பக்கம் மீன் இருக்கு பாரும்மா", "ஹாஸ்டல்ல தண்ணி வருதா", "உன் சிநேகிதிக்குக் காய்ச்சல் விட்டுச்சா" என்று கேள்வியாகக் கேட்பார். அண்ணி ஒருநாள் என்னிடம், "என்கிட்ட இவ்ளோ பேசணும்னா நானும் ஒரு படகு வாங்கணும் போல" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கேடு வந்தது. நாற்பதாவது நிமிஷம் விசிறி கத்தும். திரை பொட்டென்று இருண்டுவிடும். மறுபடி போட்டால் கம்ப்யூட்டர் பெட்டி முரண்டு பிடிக்கும். வரிசையாக மூன்று ஞாயிறு இப்படியே ஆயிற்று.

அண்ணன் கோபப்படவில்லை. அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அது கோபத்தைவிட மோசம். வேலைக்குக் கொண்டுபோகும் வெப்பமானியின் கம்பியைப் பெட்டிக்குள் சூடாகும் பாகத்தில் படும்படி விட்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் நோட்டில் எழுதினார். நடுக்கடலில் எழுபத்தொரு டிகிரி. மூன்று வாரம் முன்புதான் விளையாட்டில் புதிதாக வந்த, மழை பெய்கிற துறைமுகத்துக்குப் படகு போனதும் தொண்ணூறைத் தாண்டும். "பாரு, மழையும் விளக்கும் தண்ணியில தெரியுற இடத்துலதான் இதுக்கு வேலை ஜாஸ்தி. கடுகு படத்தோட எல்லா அழகையும் உச்சத்துல வெச்சுட்டுப் போயிருக்கா" என்று எனக்கு விளக்கினார். நோய் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஏன் வருகிறது என்பதுதான் புரியவில்லை.

ஜன்னலை மூடிப் பார்த்தார். ஏசியைப் பதினாறில் வைத்தார். நாங்கள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உறைந்த பட்டாணிப் பையைப் பெட்டியின் தலையில் வைத்தார். பட்டாணி உருகியதுதான் மிச்சம். அண்ணி அதை வாரம் முழுக்கச் சமைத்தார்.

"கடைக்காரனைக் கூப்பிட்டா அரை மணியில சரி பண்ணிடுவான், அண்ணா" என்றேன்.

"குளிர் என் தொழில். இன்னொருத்தன் வந்து எனக்குக் குளிர் சொல்லித் தருவானா?"

"அப்ப கடுகையே கேளு."

அது அவரால் முடியாது. அவள் போன மறுநாளே, அவளுடைய பொருளில் ஒரு தூசி படக்கூடாது என்று, பெட்டியின் சந்து பொந்தெல்லாம் குளிர் அறைக்கு ஒட்டுகிற அலுமினிய டேப்பை ஒட்டியிருந்தார். முன்பக்கத்துச் சல்லடைக்கு ரப்பர் பட்டை வைத்து மூடியிருந்தார். பின்னால் ஒரு விசிறி மட்டும் பாவம் பார்த்து விடப்பட்டது. "உன் பெட்டிக்குள்ள ஒரு ஈ நுழையாதும்மா" என்று அவளிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார். அந்தப் பெட்டி தன் கையில் ஏன் கெட்டது என்று எந்த வாயால் கேட்பார்?

அவர் தொழிலில் ஒரு சோதனை உண்டு. குளிர் அறைக் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி, இழுத்துப் பார்ப்பார்கள். தாள் வழுக்கி வந்தால் ரப்பர் சரியில்லை, வெளிக்காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அண்ணன் அந்தச் சோதனையைக் கம்ப்யூட்டருக்கும் செய்தார். எட்டு இடத்தில் தாளைச் செருகி இழுத்தார். எட்டும் அசையவில்லை. "சீல் பக்கா" என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அந்தப் புதன்கிழமை கடைக்குக் கடுகு ஃபோன் செய்தாள். நான் ஒருவருக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அப்பா வேணும்னே கட் பண்றாரா?"

"என்னடி உளர்ற? பெட்டி சூடாகி நின்னுடுது."

"மூணு வாரமா, நான் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிக்கிற நேரம் பார்த்தா சூடாகுது? துறைமுகத்துல படகைக் கட்டினதும் சொல்லலாம்னு இருப்பேன். அப்பதான் வேலை இல்லாம சும்மா நிப்போம். வாயைத் திறக்கறேன், அவர் இல்ல. அப்புறம் மெஷின் நின்னு போச்சுன்னு ஒரு மெசேஜ்."

"ஃபோன்ல சொல்லேன்."

"ஃபோன்லயா? 'சரி, வை'ம்பார். வெச்சுடுவேன்."

விஷயத்தை என்னிடம் சொன்னாள். கேட்டதும் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். அதை அண்ணன் காதில் போட வேண்டியவள் அவள்தான். நான் முந்திக்கொள்ளக் கூடாது. கடைசியாக, "இந்த ஞாயிறும் கட் ஆச்சுன்னா நான் சொல்லவே மாட்டேன் அத்தை. லீவுக்கும் வர மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண்.

அன்று மாலையே மாடியேறி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி ஓடணும். அவ உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம். நீ வேணும்னே அணைக்கிறேன்னு நினைக்கிறா" என்றேன். அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "நானா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நோட்டைத் தொடவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் அவரை ஓர் இறைச்சிக் கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். குளிர் அறை குளிரவில்லை. இவர் நேரே பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிற அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிக் கடைக்காரர் காலி அட்டைப்பெட்டிகளைத் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தார். அண்ணன் சத்தம் போட்டார்: "அறையைத்தான்யா மூடி வைக்கணும்! சூடு தள்ளுற மெஷினை மூடி வெச்சா அது எப்படி மூச்சு விடும்? காத்து உள்ள போனாத்தானே வெளிய வரும்? இதுகூடத் தெரியாம..."

அங்கேயே நிறுத்திவிட்டாராம். வாய் திறந்தபடி அட்டைப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அது அறை இல்ல! அவுட்டோர் யூனிட்டு! நான் அதைப்போய் அறைன்னு நெனச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டே டேப்பைப் பிய்த்தார். அண்ணி ஒரு பக்கம் பிய்த்தார், நான் ஒரு பக்கம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது; அடக்கிக்கொண்டேன். சல்லடையைத் திறந்ததும், பெட்டியை ஓடவிட்டு, அதன் முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தார். தாள் உள்ளே இழுபட்டுச் சல்லடையோடு ஒட்டிக்கொண்டது. குனிந்து பின்பக்கம் கை வைத்தார். வெந்நீர்ப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி சூடு வந்தது. "வருது, வருது" என்று சிரித்தார். துறைமுகத்தில் படகைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். அறுபத்தெட்டுக்கு மேல் ஏறவே இல்லை.

ஞாயிறு மூன்று மணி. அண்ணியும் நானும் கட்டிலில் உட்கார்ந்து, வெங்காயம் உரிப்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருந்தோம். படகு போயிற்று. மீன் வந்தது. இருவரும் அதிகம் பேசவில்லை. மழைத் துறைமுகத்தில் அண்ணன் கயிற்றைக் கட்டினார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"நான் காலேஜுக்குப் போறதில்ல. ரெண்டு மாசமாச்சு. பாடம் ஏறல. முதல் வருஷமே அரியர். ஒரு பேக்கரில வேலை செய்றேன்."

அண்ணியின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. விசிறி சத்தமே இல்லாமல் ஓடியது. பெட்டியின் பொத்தான் அண்ணன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. என் அண்ணனை எனக்குத் தெரியும், ஒரு கணம் அவர் அதைப் பார்த்தார்.

"அப்பா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கட் ஆயிடுச்சா?"

"இல்ல. இருக்கேன்."

"திட்டுவீங்களா?"

"தெரியல. கோவமாத்தான் இருக்கு." நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதையா மூணு வாரமா சொல்லப் பார்த்தே?" என்றார்.

"ரெண்டு தடவை ஆரம்பிக்கிறதுக்குள்ளயே போயிட்டீங்க. போன வாரம் கண்ணை மூடிக்கிட்டு, எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். பத்து நிமிஷம். அழுதேன் வேற. கண்ணைத் திறந்தா படகுல நான் மட்டும் நிக்கறேன். நீங்க எதுவரைக்கும் கேட்டீங்க?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி அது. அழுக்கு ஒன்றும் இல்லை.

"'அப்பா'ன்னு கூப்பிட்டதுவரைக்கும்" என்றார். "என் முட்டாள்தனம்மா. டேப் ஒட்டினது நான்தான். இப்பப் பிரிச்சுட்டேன், இனிமே நிக்காது. அந்தப் பத்து நிமிஷத்தையும் மறுபடி சொல்லு."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.