ஃப்ரீசரை நிறுத்தச் சொல்பவர்

என் அப்பா செலுக்கா எங்கள் தீவின் மின்நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர். பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் துவாலு நாட்டின் வெளித்தீவுகளில் அந்த வேலைக்குத் தீவுக்கு ஒரே ஆள்தான். டீசல் எந்திரம் மட்டும் இருந்த காலத்தில் அவர் மேல் எப்போதும் எண்ணெய் வாடை அடிக்கும். சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் வந்தபின் வாடை போயிற்று, நடை கூடிற்று.

மேகம் மூடினால் பேட்டரி இறங்கும். இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் நிலையம் தானே நின்றுவிடும். அதற்குமுன் வீடுகளில் ஃப்ரீசர்களை நிறுத்தியாக வேண்டும். நிலையத்தில் ஒரு விசையைத் தட்டினால் வீடுகள் எல்லாம் அணைந்துவிடும், கிளினிக்குக்கு மட்டும் மின்சாரம் போகும். அப்பா ஒருநாளும் அதைத் தட்டியதில்லை. மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போவார். கிளினிக்கில் தடுப்பூசி இருக்கிறது, நாளை வரைக்கும் நிறுத்தி வையுங்கள் என்பார்.

பக்கத்து வீட்டு ஃபியாலுவா அத்தை அவரைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவாள்.

"வந்துட்டாரு, மேகத்தோட ஏஜெண்டு. சூரியன் லீவு போட்டா எம் மீனுக்கு எதுக்குய்யா சம்பளத்தப் புடிக்கிற?"

"உன் மீன் செத்துப் போச்சு, அதுக்கு அவசரமில்ல. மருந்துக்குத்தான் அவசரம்."

திட்டிக்கொண்டே போய் நிறுத்துவாள். எங்கள் தீவில் ஆற்றலைச் சேமித்தது பெரும்பாலும் இப்படித்தான்.

நான் படித்துவிட்டுத் தலைநகர் ஃபுனாஃபூட்டியில் மின்வாரியப் பொறியாளராகச் சேர்ந்தேன். எல்லாத் தீவுகளின் பேட்டரி நிலவரமும் என் திரையில் தெரியும். தீவு முழுவதும் எடுக்கும் மின்சாரம் ஒரு கோடாக ஓடும்.

சென்ற மார்ச்சில் அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கட்டியது. நர்ஸ் லோசே அவரைக் கிளினிக்கில் படுக்கவைத்து, மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் எந்திரத்தை மாட்டினாள். டாக்டரையும் சிலிண்டர்களையும் டீசலையும் ஏற்றிய கப்பல் கடல் கொந்தளிப்பால் தாமதமாகிக்கொண்டே போனது. நிலையத்தில் டீசல் தீர்ந்திருந்தது. வானம் மூன்றாவது நாளாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்தச் சனிக்கிழமை ஃபியாலுவா அத்தையின் மகளுக்குக் கல்யாணம். தீவின் ஒவ்வொரு ஃப்ரீசரிலும் அதற்கான சூரை மீனும் பன்றிக்கறியும் திணித்திருந்தார்கள்.

பிற்பகல் கணக்குப் போட்டேன். பேட்டரி நாற்பத்தொன்று. இதே வேகத்தில் இறங்கினால் விடிவதற்குள் நிலையம் நிற்கும். கப்பல் மறுநாள் மதியத்துக்கு முன் வராது. மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். லோசே அப்பாவின் காதில் வைத்தாள்.

"அப்பா, ஃப்ரீசர நிறுத்தச் சொல்லி லோசேய அனுப்புங்க."

"வேணாம்மா."

"ஏன்?"

மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "ஊருக்காகக் கேட்டேன். அது வேலை. எனக்காகக் கேட்டா... அது பிச்சை. அதுவும் கல்யாண மீனு."

"சரி, நான் இங்கேருந்தே வீட்டு லைன நிறுத்திடறேன்."

"சொல்லாம நிறுத்தினா திருட்டும்மா. தொடாத."

இணைப்பு அறுந்தது. திரையில் அம்புக்குறியை வீட்டு லைனை நிறுத்தும் பொத்தான்மேல் வைத்தேன். எடுத்தேன். திரும்பவும் வைத்தேன். முப்பத்தொன்பது என்று திரை காட்டியது.

பிறகு ஃபியாலுவா அத்தைக்குப் போன் செய்து கணக்கை அப்படியே சொன்னேன்.

"அந்தாளுக்கு வாய் இல்லையா? என் வாசல்ல வந்து வந்து கத்தின வாய் எங்க போச்சு?"

"தனக்காகக் கேக்க மாட்டாராம்."

"ஓஹோ. அவ்வளவு பெரிய மனுஷனா." யாரையோ உரக்கக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம், "நீ ஒண்ணையும் தொடாத. நான் போறேன்."

"மீன் என்ன ஆகும் அத்த?"

"மழையில காயவா வைக்க முடியும்? கப்பல நம்பி வச்சிருக்க முடியாது, இன்னிக்கே சுட்டுத் திங்க வேண்டியதுதான். மாப்பிள்ளை சனிக்கிழமை தேங்காய் திங்கட்டும்."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசையைத் தட்டினால் கோடு ஒரே செங்குத்தாக விழும். இது அப்படி விழவில்லை. ஒரு சிறு படி இறங்கியது. சற்றுப் பொறுத்து இன்னொரு படி. தெற்கு ஓரத்து வீடுகளுக்கு அவள் போய்ச் சேரும் நேரமாக இருக்கும், கொஞ்சம் இடைவெளி விழுந்தது. மறுபடி இறங்கியது. பொழுது சாயும்போது கோடு தரையோடு கிடந்தது. யாரும் விளக்குக்கூடப் போடவில்லை. கிளினிக்கின் ஆக்சிஜன் எந்திரமும் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் ஒரு விளக்கும்தான் மிச்சம்.

இதற்குமுன் அப்பாவின் எந்திரம் ஊர் எடுக்கும் மின்சாரத்தில் கலந்து கிடந்தது. இப்போது அது தனியாகத் தெரிந்தது.

அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஃபியாலுவா கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"வாய் இல்லையான்னு கேட்டாங்க."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "வெளிய மீன் சுடற வாசனை வருது. எனக்கு ஒரு துண்டு குடுத்துவிட்டிருக்கா. தின்ன முடியல." சற்று நிறுத்தி, "எவ்வளவு இருக்கு?" என்றார்.

"முப்பத்தாறு. இனி தாங்கும்."

"தாங்கும்," என்றார் அவரும்.

தாங்கியது. விடிந்தபோது பேட்டரி முப்பதுக்குமேல் இருந்தது. மேகம் கிழிந்து தகடுகளில் வெயில் விழ, சதவீதம் ஏறத் தொடங்கியது. கப்பல் பாதித் தூரம் வந்துவிட்டதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். தேநீர் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன்.

கோடு ஒரு படி இறங்கியிருந்தது. ஆக்சிஜன் எந்திரத்தின் அளவு.

பிளக் கழன்றிருக்கலாம். அந்தக் கிளினிக்கின் சுவர் சாக்கெட் தளர்ந்துபோனது, அடிக்கடி கழலும். லோசே பார்த்துச் செருகுவாள் என்று காத்திருந்தேன். கோடு மேலே வரவில்லை. பேட்டரி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. லோசேதான்.

"பிளக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா," என்றாள். "நான்தான் நிறுத்தினேன். மூச்சு அடங்கிடுச்சு. இனி வேணாம்."