குளத்துப் படியில் வைத்த சட்டை

நான்கு வருடங்களுக்கு முன், மகளின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க நானும் இவரும் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து திருச்சிக்குப் போயிருந்தோம். கலியாணத்துக்கு ஆறே நாள். மறுநாள் கொழும்புக்கு பிளேன். நினைத்த கூறையே கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மிகப் பழைய செங்கல் கோயில் இருக்கிறது, பார்த்துவிட்டு வருவோம் என்று இவர் என்னை பஸ் ஏற்றினார்.

பஸ்ஸுக்கு வெளிக்கிட முதல் இரண்டு பாஸ்போட்டையும் இவருடைய சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டியது நான்தான். ஹாண்ட்பாக்கை யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். "அங்கை கவனம்" என்று அறிந்தவர் தெரிந்தவர் எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்களே! பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே போனேன்.

கோயிலைக் கண்டதும் அந்த முறைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வயல் நடுவே ஒரு குளம். அதன் கரையில் முழுக்க முழுக்கச் செங்கல்லால் எழும்பிய சின்னக் கோபுரம். மெல்லிய, ஓரம் தேய்ந்த கற்கள், இடுக்குகளில் புல். மத்தியான வெயிலில் அந்தச் சிவப்பு மெல்ல அசைவது போலிருந்தது. கிளிகள் பொந்துகளுக்குள் போய்ப் போய் வந்தன. நித்திரையில் நடப்பவள் மாதிரித்தான் நான் நடந்தேன்.

எங்கள் ஆண்கள் மேற்சட்டையோடு கோயிலுக்குள் போகமாட்டார்கள். இவரும் கழற்றினார். வழக்கமாக அதை இடுப்பில் சுற்றிக்கொள்கிறவர், அன்று கை நிறையப் பூவும் தேங்காயும் இருந்ததால் குளத்துப் படியில் மடித்து வைத்துவிட்டு நடந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாஸ்போட் ஞாபகம் இரண்டு பேருக்குமே வரவில்லை. கும்பிட்டு முடித்துக் கோயிலின் பின்பக்க நிழலில் இருந்தோம். முதுகைச் சாய்த்தால் செங்கல்லில் இளஞ்சூடு. மகள் பிறந்த நாளில் தொடங்கி என்னென்னவோ கதைத்தோம். நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தால் சட்டையைக் காணோம்.

ஐயரிடம் ஓடினோம். "குளத்துல முழுகிட்டு, பீடை போகட்டும்னு கட்டின துணிய அந்தப் படியிலதான் விட்டுட்டுப் போவாங்க. கோயில் கூட்டுற அம்மா எடுத்து எரிச்சுடுவாங்களே" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

போய்ப் பார்த்தால் சாம்பலும் அரைகுறையாய் எரிந்த துணிகளும். கூட்டுகிற அம்மாவைக் காணவில்லை. பாஸ்போட் இல்லாமல் எப்படி வீடு போய்ச் சேருவது? தாய் தகப்பன் இல்லாமலா என் பிள்ளை மணவறையில் இருக்கப்போகிறாள்? இவர் வெறும் மேலோடு நின்று தடியால் நெருப்பைக் கிளறினார்.

"அதை எரிச்சிருக்கமாட்டாளப்பா! பாஸ்போட்டைக் கண்டதும் கொண்டு ஓடியிட்டாள், கள்ளி!" என்று நான் ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. என் வயதுதான் இருக்கும், வேர்த்து விறுவிறுத்து ஒரு பெண். இரண்டு கையிலும் ஏந்தியபடி இவருடைய சட்டை. மடித்த மடிப்புக் குலையவில்லை. பையின் பொத்தான்கூடப் பூட்டியபடியே இருந்தது.

"பஸ்ஸுல ஏறிட்டீங்களோன்னு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேம்மா. துணி நனையாம இருந்துச்சு. முழுகாதவங்க துணிய நான் எரிக்கமாட்டேன்" என்றாள்.

நான் கத்தியது அவள் காதில் விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ... மகளுக்கு ஆறு நாளிலை கலியாணம்..." என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு இங்க நின்னு அழுவாங்களா? அடுத்த பஸ்ஸு இப்ப வந்துரும், கெளம்புங்க" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக் கூட்டப் போய்விட்டாள்.

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அந்தச் சிவப்புக் கோபுரம் இப்போதும் சில நாள் கனவில் வரும், கிளிகளும் வரும். அந்தக் குளத்தில் முழுகினால் உடுத்த துணியோடு பீடையை விட்டுவிட்டு வரலாமாம். நான் அன்று சொன்ன அந்த ஒரு சொல்லை எங்கே விட்டுவிட்டு வருவதென்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.